903-இல் தொடங்கும் எண்: சுங்கை சிப்புட் லேண்ட் ரோவர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் கோரிக்கையும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் பழைய லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், கேன்வாஸ் கூரை போட்ட குட்டையான லேண்ட் ரோவர் ஒன்று விற்பனைக்கு நின்றது. அதே தோட்டத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவருக்குச் சொந்தமானது. விலை பேசியவர் அவருடைய மகன். வாங்க விரும்பியவர் டவுனுக்கு வெளியே மேட்டு நிலத்தில் சில ஏக்கர் செம்பனையும் கொஞ்சம் டுரியானும் வைத்திருப்பவர். மழைக்காலத்தில் சாதாரண பிக்கப் ஏறத் திணறும் செம்மண் பாதையில் உர மூட்டைகளை ஏற்றவும் குலைகளை இறக்கவும் அவருக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. தோட்டப் பட்டறையில் தொழில் கற்று, இப்போது பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புச் சொல்லி வருபவன் என்பதால் என்னை உடன் அழைத்துச் சென்றார்.

கேட்ட விலை 28,000 ரிங்கிட். அந்த விலைக்கு ஆதாரமாக மகன் நான்கு செய்திகளைச் சொன்னார். வண்டி 1969-ஆம் ஆண்டின் சீரிஸ் 2ஏ. எஞ்சின் கம்பெனியிலேயே பொருத்திய டீசல். பெரிய துரை மட்டுமே ஓட்டியது. எந்நாளும் கொட்டகையை விட்டு வெளியே நின்றதில்லை. அவர் ஏமாற்றும் எண்ணத்தில் பேசினார் என்று சொல்ல முடியாது. சிறுவயது முதல் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொன்னார்.

“அண்ணே, இந்த விலைக்கு இது தகுமா?” என்று வாங்குபவர் கேட்டார். விலையை அப்புறம் பேசலாம் தம்பி, முதலில் இது என்ன வண்டி என்று தெரிந்துகொள்வோம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் பாகங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறுவதால், கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை வைத்து விலை பேசத் தொடங்கினால், பிறகு தெரியவரும் ஒவ்வொரு உண்மையும் சண்டையாகத்தான் முடியும்.

எந்த லேண்ட் ரோவர்?

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் பிரகடனமானதும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கெடுபிடி ஆண்டுகளில் படையினரிடமும் போலீசாரிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் இந்த வண்டி ஊன்றிக்கொண்டது. அதன் விளைவாக, இந்த வட்டாரத்தில் பழைய லேண்ட் ரோவர் எதைக் காட்டினாலும் அதோடு ஒரு துரை கதையும் ஒட்டிக்கொண்டு வரும். கதைக்கு விலை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இரும்பில் சாட்சி இருக்க வேண்டும்.

முதலில் அளவு நாடா. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 2,235 மி.மீ., அதாவது 88 அங்குலம். 109 அங்குல நீள வண்டி 2,769 மி.மீ. இருக்கும். எனவே இது குட்டை வண்டி என்பதில் சிக்கல் இல்லை. அடுத்தது எந்த சீரிஸ் என்ற கேள்வி. சீரிஸ் 2 என்பது 1958 முதல் 1961 வரையும், 2ஏ என்பது 1961 முதல் 1971 வரையும், சீரிஸ் 3 என்பது 1971 முதல் 1985 வரையும் வெளிவந்தவை. 2ஏ வண்டியின் பெரும்பாலான ஆண்டுகளில் முன்விளக்குகள் கிரில்லுக்கு இரு புறமும் நெருங்கி அமைந்திருக்கும். 1968-69 வாக்கில்தான் அவை மட்கார்டுகளின் முகப்புக்கு இடம் மாறின. சீரிஸ் 3 வந்தபோது கம்பிவலை கிரில்லுக்குப் பதிலாக பிளாஸ்டிக் கிரில் வந்தது. நம் வண்டியில் விளக்குகள் மட்கார்டில், கிரில் கம்பிவலை. மேலோட்டமாகப் பார்த்தால் கடைசிக்கால 2ஏ என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் கிரில்லை நான்கு ஸ்குரூ கழற்றி மாற்றிவிடலாம். டேஷ்போர்டை அப்படி மாற்றுவது கடினம். 2ஏ வண்டிகளில் மீட்டர்கள் டேஷ்போர்டின் நடுவில், ஓட்டுநருக்கும் பக்கத்தில் அமர்பவருக்கும் இடையில் இருக்கும். சீரிஸ் 3-இல் அவை ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால், ஓட்டுநரின் கண்ணெதிரே வந்துவிட்டன. இந்த வண்டியில் மீட்டர்கள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தன. கியர்பாக்ஸும் அதையே சொன்னது. 2ஏ-யில் மூன்றாவது, நான்காவது கியர்களுக்கு மட்டுமே, பற்களின் வேகத்தைத் தானே இசைத்துத் தரும் சிங்க்ரோமெஷ் உண்டு. முதல் இரண்டு கியர்களுக்கு இறங்கும்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்து வேகத்தை இசைக்காவிட்டால் பற்கள் கரகரவென்று முறையிடும். சீரிஸ் 3-இல் முன்னோக்கிச் செல்லும் நான்கு கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் தரப்பட்டது. கொட்டகைக்கு முன்னாலிருந்த பாதையில் மெதுவாக உருட்டி, இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு ஒரே மிதியில் இறக்கினேன்; சத்தமில்லாமல் விழுந்தது.

இவையெல்லாம் சார்புச் சான்றுகள். முடிவைச் சொல்ல வேண்டியது சேஸி எண், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குரிய எண். வண்டிக்குள் இருக்க வேண்டிய தகடு போய்விட்டிருந்தது. ரிவெட் துளைகள் மட்டும் மிச்சம். ஆனால் அதே எண், வலப்பக்க முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கரில் சேஸி இரும்பிலேயே அடிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் பெயின்ட், தார், சேறு மூன்றும் அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தன. இங்கே அவசரப்பட்டு கிரைண்டரைப் பிடிப்பவர்கள் உண்டு. எண்ணின் விளிம்பு தேய்ந்துவிட்டால் சோதனை அதிகாரிக்குச் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தைப் பின்னர் எந்தத் தாளாலும் தீர்க்க முடியாது. பெயின்ட் நீக்கி தடவி, சற்று ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, வெள்ளைச் சாக்கட்டியைப் பூசித் துடைத்த பின், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது எண்கள் பள்ளத்தில் வெள்ளையாக எழுந்து நின்றன. முதல் மூன்று இலக்கங்கள் 903.

சீரிஸ் 3 வண்டிகளில் அந்த முதல் மூன்று இலக்கங்களே வண்டியின் பிறப்பைச் சொல்லிவிடும். 901 முதல் 905 வரை 88 அங்குல பெட்ரோல். 906 முதல் 910 வரை அதே அளவில் டீசல். 911-இல் தொடங்குவது 109 அங்குல பெட்ரோல். 916-இல் தொடங்குவது 109 அங்குல டீசல். ஒவ்வொரு ஐந்திலும் முதலாவது பிரிட்டன் சந்தைக்கு, இரண்டாவது வலப்பக்க ஸ்டீயரிங் ஏற்றுமதிக்கு, மூன்றாவது வலப்பக்க ஸ்டீயரிங்குடன் பாகங்களாக அனுப்பி இறக்குமதி நாட்டில் பூட்டுவதற்கு, மற்ற இரண்டும் இடப்பக்க ஸ்டீயரிங்குக்கு. 2ஏ-யாக இருந்தால் இதே அளவு பெட்ரோல் வண்டிக்கு 241 முதல் 245 வரையிலும், டீசலுக்கு 271 முதல் 275 வரையிலும் எண் தொடங்கியிருக்கும். ஆகவே இது பாகங்களாக வந்து பூட்டப்பட்ட, 88 அங்குல, பெட்ரோல், சீரிஸ் 3. கிராண்டில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், இருந்த எண்ணும் இலக்கம் இலக்கமாக ஒத்துப்போனது; முதல் பதிவு 1974 என்று இருந்தது. தோட்டத்துக்குள் பதிவில்லாமல் ஓடிய பிறகுதான் பதிந்தார்கள் என்று மகன் அதற்கு விளக்கம் தந்தார். தனியார் பாதைகளில் அப்படி ஓடிய வண்டிகள் உண்டுதான். ஆனால் 1971-க்கு முன் இல்லாத ஒரு வரிசை எண்ணை 1969-ஆம் ஆண்டு வண்டி சுமந்திருக்க வழியில்லை.

எண்ணின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்பில் செய்த முக்கிய மாற்றங்களை அது காட்டும். பாகம் தருவிக்கும்போது அந்த எழுத்து இல்லாமல் கேட்டால் தவறான பாகம் வந்து சேரும். 1979-இன் இறுதியில் ‘எஸ்ஏஎல்எல்’ என்று தொடங்கும் 17 இடங்கள் கொண்ட எண் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சீரிஸ் 3 எண்ணில் ஆண்டு நேரடியாக இருக்காது. துல்லியமான தயாரிப்புத் தேதி வேண்டுமானால், இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய பதிவேடுகளிலிருந்து தரும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

சுத்தியலும் ஸ்குரூடிரைவரும்

லேண்ட் ரோவரின் உடல் தகடுகள் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவை. அதனால் வெளியே துரு தெரியாது. வண்டி பளபளவென்று நிற்கும். துருப்பிடிப்பது அடியில் இருக்கும் எஃகுச் சேஸியும், கதவுகளுக்கு முன்னால் டேஷ்போர்டைத் தாங்கி நிற்கும் எஃகுச் சுவரான பல்க்ஹெட்டும்தான். சேஸி என்பது தகடுகளைப் பெட்டி வடிவில் சேர்த்து வெல்டு செய்த குழாய். சேற்றுநீர் உள்ளே புகுந்தால் அது உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளிப்புறத் தார்ப்பூச்சு எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு கவனம் தேவை என்பது என் அனுபவம்.

சிறு சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனேன். முன் பாதியில் இரும்பு கணீரென்று பேசியது. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் நன்றாகவே இருந்தது. வலப்பக்க அவுட்ரிகரில், அதாவது சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பல்க்ஹெட்டைத் தாங்கும் கையில், ஓசை மந்தமானது. ஸ்குரூடிரைவரை அழுத்தியதும் முனை உள்ளே போயிற்று. கால் வைக்கும் குழியின் தகடும் அதே பக்கத்தில் அப்பளமாக இருந்தது. பின் குறுக்குச் சட்டத்தில், பழைய இரும்பை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே கனத்த தகட்டை ஒட்ட வைத்து வெல்டு செய்து, மேலே தார் பூசியிருந்தார்கள். அப்படி ஒட்டிய தகட்டுக்கு அடியில் ஈரம் சிக்கி, பழைய இரும்பு மிச்சமில்லாமல் கரைந்துவிடும். தகடு தன் கனத்தால் மட்டும் உறுதியாகத் தோன்றும்.

பின்பகுதி மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்ற கேள்விக்கு விடை சரக்குத் தளத்தில் இருந்தது. ரப்பர் பாய்களைத் தூக்கியதும், அலுமினியத் தரையும் எஃகுப் பட்டைகளும் சேரும் இடங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ரிவெட் தலைகள் கழன்றிருந்தன. இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் உப்புக் கலந்த ஈரம் சேர்ந்தால், மின்வேதி அரிப்பினால் அலுமினியம் தன்னை இழக்கும். செம்பனைக்குப் பெருமளவில் போடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். சிந்திய உரம் இடுக்குகளில் புகுந்து, மழையில் கரைந்து, வழிந்து இறங்கும் முதல் இரும்பு அந்தப் பின் குறுக்குச் சட்டம். தளத்தின் நடுவில் தகடு ஒரே சீராகக் குழிந்திருந்ததும், பின் சட்டத்தில் இழுவைக் கொக்கிக்கான துளைகள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்ததும் சேர்ந்து, இந்த வண்டி பல ஆண்டுகள் மூட்டை சுமந்து டிரெய்லர் இழுத்தது என்பதைக் காட்டின. பெரிய துரை வெளிக்காட்டைச் சுற்றிப் பார்த்த வண்டியில் இத்தகைய அடையாளங்கள் இருக்க நியாயமில்லை.

திண்ணையில் அமர்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “தம்பி, துரை வண்டி வேற. இது உரம் ஏத்துன வண்டி. நான்தான் ஓட்டுனேன். கழிச்சு வித்தப்ப எனக்கே கொடுத்துட்டாங்க.” மகன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எனக்கோ, ஒரே ஓட்டுநரின் கையில் ஆரம்பம் முதல் இருந்த வண்டி என்பது துரை ஓட்டியது என்பதைவிடப் பயனுள்ள செய்தியாகப் பட்டது. எந்தப் பாகம் எப்போது மாறியது என்று கேட்டால் அவர் யோசிக்காமல் சொன்னார். கிரில் எங்கிருந்து வந்தது என்பதும் அப்படித்தான் தெரிந்தது: மரத்தில் மோதி உடைந்த பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, பட்டறையில் கழித்துப்போட்ட 2ஏ ஒன்றிலிருந்து கழற்றி மாட்டியது.

எஞ்சினும் கிராண்டும்

சேஸி எண் பெட்ரோல் என்கிறது. பானெட்டைத் திறந்தால் டீசல். சீரிஸ் 3-இன் சொந்த டீசல், பெட்ரோல் எஞ்சினைப் போலவே 2,286 சிசி கொள்ளளவு கொண்டது. இங்கே இருந்ததோ இசுசு 4ஜேஏ1, 2,499 சிசி. இசுசு டிஎஃப்ஆர் பிக்கப்களில் வந்தது. எஞ்சின் பிளாக்கில் அடித்திருந்த எழுத்துகளே அதைச் சொல்லிவிட்டன. கியர்பாக்ஸோடு அதை இணைக்கப் பட்டறையில் கடைந்த கனத்த எஃகுத் தகடு ஒன்று நடுவில் இருந்தது.

எஞ்சின் மாற்றம் இந்நாட்டில் அதிசயமல்ல. வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் ஜப்பானிய டீசல் எஞ்சின் கிடைக்கும், பாகமும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். உழைக்கும் வண்டி தேடுபவருக்கு அது குறையே அல்ல. குறை எங்கே என்றால், கிராண்டில் இன்னும் பழைய பெட்ரோல் எஞ்சினின் எண்ணும் 2,286 சிசி என்பதும்தான் இருந்தன. பெயர் மாற்றத்துக்கு முன் வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பி5 சோதனை நடக்கும். அங்கே சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவோடு ஒப்பிடுவார்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் பதிவில் இல்லாத எஞ்சினோடு போனால் அந்த மேசையைத் தாண்ட முடியாது. சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து அமைவதாலும், காப்புறுதி நிறுவனம் பதிவில் உள்ள விவரத்தை நம்பியே பொறுப்பேற்பதாலும், இது சோதனை நாளோடு முடிந்துபோகும் தொல்லையும் அல்ல.

பழைய எஞ்சின் எங்கே என்று பெரியவரிடம் கேட்டேன். கொட்டகையின் மூலையில், கோழிக்கூண்டுக்கு அடியில் பிளாக் கிடந்தது. பக்கவாட்டில் மேனிஃபோல்டு அருகே தேய்த்துப் பார்த்தால், கிராண்டில் உள்ள அதே எண். லேண்ட் ரோவர்களில் சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. அவை தனித்தனி வரிசைகள். எனவே இரண்டும் வேறு வேறு என்பதைக் கண்டு மிரளத் தேவையில்லை. பதிவோடு ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. இந்தப் பிளாக்கின் பிஸ்டன்கள் துருவில் இறுகிவிட்டன. ஆனாலும் அது இருப்பதாலேயே வண்டியை ஒரு நாள் மூல நிலைக்குக் கொண்டுபோகும் வழி திறந்திருக்கிறது. இசுசு எஞ்சின் வாங்கிய ரசீதையும் பெரியவர் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துத் தந்தார். அந்த ஒரு தாள் இல்லாதிருந்தால் என் அறிக்கை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஓட்டிப் பார்த்தபோது

சீரிஸ் வண்டிகளில் நான்கு சக்கர இயக்கம் வேண்டியபோது மட்டும் சேர்ப்பது. மஞ்சள் குமிழை அழுத்தினால் உயர் கியர் வரிசையில் முன் அச்சு சேரும். சிவப்புக் குமிழ் உள்ள நெம்பைப் பின்னால் இழுத்தால் தாழ் வரிசை, அதில் நான்கு சக்கரமும் தானாகவே சேர்ந்துவிடும். மீண்டும் இரண்டு சக்கர இயக்கத்துக்கு வர, சிவப்பைப் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ள வேண்டும். அப்போது மஞ்சள் மேலே எழும்பும். குமிழ்கள் இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் ஈரமான சரிவில் முன் சக்கரங்கள் சும்மா இருக்க, பின் சக்கரங்கள் மட்டும் மண்ணைத் தோண்டின.

முன் சக்கரங்களின் நடுவில், சக்கரத்தை அரை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஃபிரீவீல் ஹப்கள் இருந்தன. இடப்பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இயக்கத்தைச் சேர்த்துவிட்டு கையால் சுற்றினால், அது ராட்டினம் போல் சுழன்றது. ஹப், விடுபட்ட நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் முன் டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு கிடையாது. ஒரு பக்க ஹப் விடுபட்டிருந்தால் விசை முழுவதும் அந்தப் பக்க அரை அச்சை வெறுமே சுற்றுவதில் போய்விடும், மறுபக்கச் சக்கரமும் இழுக்காது. பெயரளவில்தான் அது நான்கு சக்கர இயக்க வண்டியாக இருந்தது. அதைவிட முக்கியமானது, ஹப் விடுபட்டே இருந்தால், சாதாரணமாக இரண்டு சக்கர இயக்கத்தில் ஓடும்போது அரை அச்சு சுழலாது. சுழலாவிட்டால் முன் சக்கரம் திரும்பும் உருண்டைக்குள், மேல் முளையின் பேரிங்குக்கு எண்ணெய் ஏறாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது தெரிந்த தளர்ச்சிக்கு அதுவே காரணம். உருண்டையின் குரோம் பூச்சு அங்கங்கே குழிந்து, சீல் வழியாக எண்ணெய் கசிந்தது. எண்ணெய் ஒழுகாத லேண்ட் ரோவரில் எண்ணெயே இல்லை என்று பட்டறைகளில் கேலி பேசுவார்கள். கேலி இருக்கட்டும், இந்தக் கசிவைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

கைபிரேக் பிடிக்கவில்லை. இந்த வண்டியில் கைபிரேக் சக்கரங்களில் இல்லை. கியர்பாக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறம், புரொப்பெல்லர் ஷாஃப்டின் மேல் தனி டிரம்மாக இருக்கிறது. அதன் முன்னாலுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் கியர் எண்ணெய் டிரம்முக்குள் வந்து ஷூக்களை நனைத்துவிடும். இணைப்புத் தகட்டைப் பற்றி எனக்கிருந்த பயம் தேவையற்றதாயிற்று; கிளட்ச் முழுவதுமாக விலகியது, ஏற்றத்தில் விசையை விட்டு விட்டுப் பிடித்தாலும் எந்தக் கியரும் கழன்று வரவில்லை. டீசலின் கனத்தால் முன் ஸ்பிரிங்குகள் மட்டும் தாழ்ந்திருந்தன.

விலை

சந்தை விலை என்று ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தால், இருவரும் அதைப் பற்றியே வாதாடிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, மகன் வர்ணித்த வண்டிக்கு 28,000 ரிங்கிட் நியாயம் என்றே ஒப்புக்கொண்டு, அந்த வர்ணனையிலிருந்து இந்த வண்டி எங்கெல்லாம் விலகுகிறதோ அங்கெல்லாம் கழிப்பது என்று முடிவு செய்தோம். 2ஏ அல்ல, துரை வண்டியும் அல்ல என்பதற்கு 3,000. பின் குறுக்குச் சட்டம், அவுட்ரிகர், கால்குழி ஆகியவற்றை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைக்க வெல்டர் சொன்ன கூலியும் பொருளும் 4,800. ஹப், முன் உருண்டைகள், பிரேக், டயர் ஆகியவற்றுக்கு 3,200. எஞ்சின் பதிவுக்கு 2,500. இதில் உண்மைச் செலவு அதைவிடக் குறைவுதான். மீதி, பதிவு மறுக்கப்பட்டால் வாங்குபவர் தலையில் விழும் அபாயத்துக்கான கழிவு. இவற்றைக் கழித்தால் வண்டியின் விலை 14,500. பழைய பிளாக்கும் அதன் உதிரிகளும் சேர்ந்து வந்தால் 1,500 கூட்டலாம் என்றேன்.

இசுசு எஞ்சினுக்காக நான் எதையும் கழிக்கவில்லை, கூட்டவுமில்லை. பழமையைச் சேகரிப்பவர் ஒருவர் வந்திருந்தால் கணக்கே புரண்டிருக்கும்: அவருக்கு எஞ்சின் ஒரு பெரிய கழிவு, கோழிக்கூண்டுக்கு அடியில் கிடந்த பிளாக் ஒரு பெரிய வரவு, துருப்பிடித்த சேஸி ஏறக்குறைய பொருட்டே அல்ல, ஏனெனில் அவர் வண்டியை முழுதாகக் கழற்றத்தான் போகிறார். பிரிட்டனில் துத்தநாகம் பூசிய புதுச் சேஸிகள் இன்றும் செய்யப்படுகின்றன. ஆனால் சேஸியை மாற்றினால் எண் அடித்த இரும்பே போய்விடும். அதற்கான அனுமதியைக் கையில் வாங்கிய பிறகுதான் முதல் போல்ட்டைத் தொட வேண்டும்.

டீசல் மலிவு என்ற வாதத்தையும் மகன் எடுத்துப் பார்த்தார். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசலின் பொது மானியம் விலக்கப்பட்டு லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறிய பிறகு அந்த வாதத்தில் பழைய பலம் இல்லை. சேற்றில் தாழ் வேகத்தில் இழுக்கும் இழுவைக்காக டீசலை விரும்பலாம். பம்பில் மிச்சமாகும் என்று எண்ணி அதற்கு விலை கூட்டக் கூடாது.

பேரம் 16,500-இல் நின்றது. பிளாக்கும் உண்டு. முன்பணமாகச் சிறு தொகை; பதிவும் பெயர் மாற்றமும் முடிந்த பிறகே மிச்சம். கிராண்ட் பெரியவர் பெயரில் இருந்ததால் கைரேகை வைக்க அவரே நேரில் வர வேண்டும் என்பதையும் தாளில் எழுதிக்கொண்டோம்.

கைமாறும் வேளையிலும் பிறகும்

எஞ்சின் பதிவு ரசீதின் பலத்தில் முடிந்தது. பி5 சோதனையில் முதல் முறை கைபிரேக்கில் தோற்று, சீலும் ஷூக்களும் மாற்றிய பின் தேறியது. வெல்டிங் நடந்தபோது பேட்டரியையும் ஆல்ட்டர்னேட்டரையும் கழற்றி வைக்கச் சொன்னேன். புதுச் சட்டத்தைப் பழைய இரும்பின் மேல் போர்த்தாமல், நல்ல இரும்பு வரை வெட்டி, முனைக்கு முனை சேர்க்க வைத்தேன். சேஸியின் வடிகால் துளைகள் எல்லாம் சேற்றால் அடைந்திருந்தன. அவற்றைக் குத்தித் திறந்து, உள்ளே நீரைப் பாய்ச்சிக் கழுவி, நன்கு காய்ந்த பிறகு, மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை நீளக் குழல் வழியே உள்ளுக்குள் தெளித்தோம். வெளியே தார் பூச வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த முறை சுத்தியலோடு வருபவருக்கு இரும்பு தெரிய வேண்டும்.

பராமரிப்பில் வாங்குபவருக்கு நான் வலியுறுத்தியது, உரம் ஏற்றிய நாளில் சரக்குத் தளத்தை மட்டுமல்லாமல் அதன் அடிப்பகுதியையும் பின் குறுக்குச் சட்டத்தையும் நன்னீரால் கழுவிவிடுவது. வண்டி மினுங்க வேண்டும் என்பதற்காக அல்ல; அன்று செலவாகும் ஒரு தொட்டி தண்ணீர், வெல்டர் கூலியை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், இரண்டு டிஃபரன்ஷியல்கள், முன் உருண்டைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இபி 90 கியர் எண்ணெய் ஒன்றே போதும். ஆற்றைக் கடந்து வந்த வாரத்தில் அவற்றின் அடைப்பைத் திறந்து பார்த்து, எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். தாமதிக்காமல் மாற்ற வேண்டும். ஹப்களை மாதம் ஒரு தடவையாவது பூட்டிச் சற்றுத் தூரம் ஓட்டினால் உருண்டைக்குள் எண்ணெய் சுற்றும். தார் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைச் சேர்த்தபடி ஓட்டக் கூடாது. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு தூரம் போவதால் ஏற்படும் முறுக்கம் எங்கும் விடுபட வழியின்றி கியர்களில் ஏறும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், நம் தட்பவெப்பத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

மின்கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் இணைப்பில்தான் தொடங்குகின்றன. அலுமினியத் தகட்டில் பொருத்திய விளக்கின் எர்த், வெள்ளைப் பொடி பூத்த மூட்டு வழியாகச் சேஸிக்கு வர வேண்டியிருப்பதே காரணம். பேட்டரியிலிருந்து சேஸிக்கும், சேஸியிலிருந்து எஞ்சினுக்கும் தடித்த கேபிள்களைத் தனியே போட்டதும், மங்கலாக எரிந்த முன்விளக்கும் சோம்பலாகச் சுற்றிய ஸ்டார்ட்டரும் ஒருசேரச் சரியாயின.

தாழ்ந்த முன் ஸ்பிரிங்குகளுக்குக் கூடுதல் பட்டை சேர்க்கும் வேலை அடுத்த உரச் சுற்றுக்கு முன் செய்வதாக இருக்கிறது. கம்பிவலை கிரில்லைக் கழற்றிவிட்டு சீரிஸ் 3-க்கு உரிய பிளாஸ்டிக் கிரில்லைப் போடலாமா என்று வாங்கியவர் கேட்டார். பழையது கம்பி, மரக்கிளை பட்டாலும் தாங்கும், இருக்கட்டும் என்றேன். ஆனால் விற்கும் காலம் வந்தால், வண்டி சீரிஸ் 3, கிரில் மட்டும் 2ஏ என்று எழுதிக் கொடுத்துவிட்டு விற்கச் சொல்லியிருக்கிறேன்.